குடிபெயர்வோர் கவனத்திற்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் பேசிய மேடையில், மெட்ரிகுலேஷன் வரையே படித்த இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கும் சில நிமிடங்கள் அளித்தீர்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. சாமான்களைப் பற்றிப் பேசும் தகுதி ஓரளவு உண்டு. பிறர் உடைமைகளை எண்ணி, எடையிட்டு, ரசீது எழுதுவதே என் பிழைப்பு.

வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளினின்றும் நம் முன்னோர் இம்மண்ணிற்கு வந்தபோது, பலருக்குக் கைமூட்டை ஒன்றே சொத்தாக இருந்தது. மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறினார்கள், பூமிக்கடியில் உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் நம்மவர் பலர், நாள்தோறும் இரயிலேறி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். அந்த அலைச்சல் தாளாதவர்கள் அங்கேயே குடிபோகின்றனர். இன்று அவர்களிடம் இருப்பது கைமூட்டையன்று. பீரோ, கட்டில், குளிர்ப்பெட்டி, தையல் இயந்திரம் என ஒரு லாரி நிறையச் சாமான் உண்டு. ஆதலின் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என வழங்கும், சிப்பம் கட்டி ஏற்றிச் செல்லும் தொழிலாளரை நாடுகின்றனர்.

இத்தொழிலில் நேர்மையானவர் பலர் உளர். பீங்கான் தட்டு ஒன்றும் விரிசலுறாமல் கொண்டு சேர்க்கும் கைத்திறன் போற்றத்தக்கது. ஆயினும் என் உறவினர் குடும்பமொன்றிற்கு நேர்ந்ததைக் கேளுங்கள். சுரங்கத்தில் உழைத்து மறைந்தவரின் மனைவி, மகனோடு வாழப் பெங்களூர் புறப்பட்டார். தொலைபேசியிலேயே கூலி பேசி முடித்தார்கள். பெயர் கூற விரும்பாத அந்த நிறுவனத்தார், பாதி வழியில் லாரியை நிறுத்திக்கொண்டு, பேசியதற்கு மேல் ஐயாயிரம் ரூபாய் கேட்டுப் பெற்றனர். சாமான் இறங்கியபோது ஒரு டிரங்குப் பெட்டியைக் காணவில்லை. கணவரின் வேலைச் சான்றிதழ்களும், சுரங்க உடையில் அவர் நிற்கும் ஒரே புகைப்படமும் அதில் இருந்தன. ரசீதில் இருந்ததோ, "வீட்டுச் சாமான், ஒரு லாரி" என்னும் ஒரே வரி! மதிப்பு எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பெட்டி ஏறியதற்கே சான்றில்லாதபோது, இறங்கவில்லை என்று எங்ஙனம் வழக்காடுவது?

நம்பிக்கை வேண்டும், ஆனால் அந்நம்பிக்கை காகிதத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நான் சொல்ல வந்தது இதுவே.

சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 1865 ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக, சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. அதன்படி, பலர் சரக்கையும் கூலிக்கு ஏற்றிச் செல்வோர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்; சரக்கைப் பெற்றதற்கு ரசீது தருதல் வேண்டும். சரக்கு தொலைந்தால், பொதுவாக, செலுத்திய கூலியின் பத்து மடங்கு வரையே அவர் பொறுப்பு. அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பிற்கு மேற்படாது. அதற்கு மேலும் காப்பு வேண்டுவோர், கூடுதல் கட்டணத்திற்கு முன்னரே உடன்பட வேண்டும். சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தராதவர், பின்னர் வழக்குத் தொடர இயலாது. எங்கள் இரயில்வேயிலும் மதிப்பை அறிவித்துச் சதவிகிதக் கட்டணம் செலுத்தினாலன்றி, எடைக்கேற்ப வரையறுத்த தொகைக்கு மேல் இழப்பீடு கிடையாது. ஆறு மாதத்திற்குள் உரிமை கோரவும் வேண்டும்.

ஆகவே, குடிபெயர்வோர் செய்யத்தக்கவை சில சொல்கிறேன். முதலாவது, நிறுவனத்தார் நேரில் வந்து சாமான்களைப் பார்த்த பின்னரே கூலி பேசுங்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிப்படிக் கூலி, சுங்கச்சாவடிக் கட்டணம் யாவும் அதில் அடங்குமா என்பதை எழுதி வாங்குங்கள். இரண்டாவது, ஒவ்வொரு சிப்பத்திற்கும் எண்ணிட்டு, உள்ளிருப்பதையும் மதிப்பையும் பட்டியலாக்கி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, முழுத் தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள். நான்காவது, எரிவாயு உருளையை லாரியில் ஏற்றாமல், விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து மாற்றுச் சீட்டுப் பெறுங்கள். ஐந்தாவது, இறங்கும் இடத்தில் எண் சரிபார்த்து, குறைவோ உடைவோ இருப்பின் அங்கேயே குறித்த பின் கையொப்பமிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் வீடு மாறுவதில்லை. ஆதலின் தையிலும், பள்ளி விடுமுறையான மே மாதத்திலும் நெரிசல் மிகும், கூலியும் ஏறும். முன்னதாகவே ஏற்பாடு செய்தல் நலம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நகை, பணம், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், சுரங்க வேலைப் பத்திரங்கள், தந்தையாரின் புகைப்படம் ஆகியவற்றை எந்த லாரியிலும் ஏற்றாதீர்கள். உடைந்த பீரோவிற்கு ஈடு தர ஆளுண்டு. இவற்றிற்கு ஈடு தர எவராலும் இயலாது. புது வீட்டிற்கு உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் நம் கையாலேயே கொண்டு செல்கிறோமல்லவா? அவற்றோடு இந்தப் பையும் கையிலேயே இருக்கட்டும்.

செல்லுமிடமெல்லாம் நீங்கள் சிறந்து வாழ்க! தமிழ் வாழ்க!