போர்ப் புலவர்களுக்கு வரலாறு எழுதியவர்



சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த பதிப்பாசிரியர் என்றே உ.வே.சாமிநாதையரை நாம் போற்றுகிறோம். போரைப் பாடிய புலவர்களுக்கு வரலாறு எழுதியவர் என்றும் அவரைப் போற்ற வேண்டும். வடசென்னை டோல்கேட்டிலிருந்து வந்து பேசும் எனக்கு அதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

1855இல் பிறந்த ஐயர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். பாட்டையும் பழைய உரையையும் தந்ததோடு அவர் நிற்கவில்லை. பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு என்று இரண்டு பகுதிகளையும் சேர்த்தார்.

இந்த வேலையின் அருமையை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். முதல் உலகப் போரில் மாண்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் வரலாற்றை 1974இல் ஜான் ஸ்டால்வொர்த்தி வெளியிட்டார். ஓவன் தாய்க்கு எழுதிய கடிதங்கள் ஸ்டால்வொர்த்திக்குக் கிடைத்தன. ஐயருக்குக் கிடைத்தவையோ, பாட்டின் அடியில் ஏட்டில் இருந்த ஓரிரு வரிக் குறிப்புகள்தாம்.

அந்த வரிகளின் மதிப்பைப் பாருங்கள். கோவூர்கிழாரின் பாட்டொன்று, சூடியிருப்பது இருவரும் ஆத்தி மாலை, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்று இடித்துரைக்கிறது. அரசர் பெயர் பாட்டில் இல்லை. உறையூரை முற்றுகையிட்ட சோழன் நலங்கிள்ளியும் உள்ளே அடைபட்ட சோழன் நெடுங்கிள்ளியும்தான் அவர்கள் என்பது அடிக்குறிப்பால்தான் தெரிகிறது. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடவிருந்த கிள்ளிவளவனைத் தடுக்கப் பாடியவரும் இதே புலவர். இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒருவர் பெயரின்கீழ் ஒன்றுசேர்க்கும்போது, போரை நிறுத்தத் துணிந்த ஒரு மனிதர் நம்முன் எழுந்து நிற்கிறார்.

ஔவையாரும் அப்படித்தான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், உன் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டிப் பளபளக்கின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். எங்கள் பக்கத்துப் பட்டறைத் தொழிலாளிக்கு இதற்கு உரையே வேண்டாம்.

ஐயரின் பெருமை அவருடைய அடக்கத்தில் இருக்கிறது. சான்று உள்ளவரை எழுதினார். இல்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்பவில்லை. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934இல் இரண்டு பாகமாக வெளியிட்டபோது, நேரில் கண்டதை எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. அங்கே தாராளமாக எழுதினார். எங்கே விரிப்பது, எங்கே நிறுத்துவது என்று அறிந்திருந்தார்.

முன்பு சொன்ன காரணம் இதுதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் எங்களுக்குத் தெற்கே சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது, ஐயர் மாநிலக் கல்லூரி ஆசிரியர். 1942இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்று சென்னையே கலைந்தபோது, 87 வயதில் திருக்கழுக்குன்றம் போனார். ஏப்ரல் 28இல் அங்கேயே காலமானார். போர்ப் புலவர்களின் வரலாற்றை எழுதியவரைக் கடைசியில் ஊர்விட்டு ஊர் துரத்தியதும் போர்தான்.

நேயர்களே, புறநானூற்றைக் கையில் எடுத்தால் பாட்டோடு மூடிவிடாதீர்கள். ஐயர் எழுதிய பாடினோர் வரலாற்றையும் படியுங்கள்.