பட்டை வண்டின் கூட்டுக் கணக்கு

கூட்டம் பெருத்தால் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு குறையும் என்பது நாம் அறிந்த கணக்கு. பட்டை வண்டைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பாதிதான் சரி. 1990களில் தொடங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்த மலைப் பைன் வண்டையே எடுத்துக்கொள்வோம். ஆள் அரிசிமணி அளவுதான். திடமான பைன் மரத்தில் ஒற்றைப் பெண் வண்டு துளை போட்டால், மரம் பிசினைச் சுரந்து அதை மூழ்கடித்துவிடும். முட்டையிடும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வண்டும் சளைத்ததல்ல. அந்தப் பிசினில் உள்ள பொருளையே உடலுக்குள் மாற்றி, வாசனையாக வெளிவிட்டு இனத்தாரைக் கூவி அழைக்கிறது. நூற்றுக்கணக்கில் வந்து துளைத்தால் பிசின் வற்றிவிடும். அவை சுமந்துவரும் பூஞ்சை மரத்தின் நீரோட்டத்தை அடைத்துவிடும். ஆக, முதல் கட்டத்தில் கூட்டமே பிழைப்பு.

மரம் வீழ்ந்ததும் கணக்கு தலைகீழாகிறது. ஒவ்வொரு தாயும் பட்டைக்கு அடியில் சுமார் ஓரடி நீளத்துக்கு மேல்நோக்கிச் சுரங்கம் தோண்டி, இருபுறமும் முட்டையிடும். புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகும். சுரங்கங்கள் நெருங்கினால் தாய் தோண்டுவதைக் குறைத்துக்கொள்ளும், முட்டையும் குறையும்; புழுக்களோ ஒன்றின் தீனியில் ஒன்று வாய்வைத்துப் பட்டினி கிடந்து சாகும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 துளைகள் என்பதே இந்த வண்டுக்குத் தோதான நெருக்கம் என்கின்றன ஆய்வுகள். அதைத் தாண்டும் வேளையில் ‘இடமில்லை’ என்று சொல்லும் வெர்பினோன் என்ற வாசனை மிகுந்துவிடுகிறது.

அப்படியானால் நெரிசலே வண்டை ஒழித்துவிடாதா என்று கேட்கலாம். ஒழிக்காது. நெரிசல் உறைக்கத் தொடங்கும்போது அந்த மரம் செத்தாயிற்று. பிந்தி வந்தவை அடுத்த மரத்துக்குப் போய்விடும். வண்டுக் கூட்டம் அடங்க, பருத்த மரங்கள் தீர வேண்டும், அல்லது மைனஸ் 40 டிகிரியை எட்டும் கடுங்குளிர் புழுக்களைக் கொல்ல வேண்டும். வெர்பினோன் பைகளை மரத்தில் கட்டினால் போதாதா என்றால், வண்டு குறைவாக இருக்கும்வரை அது ஓரளவு காக்கும். பெருங்கூட்டம் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே, கூட்டம் சேருமுன் தடுப்பதே வழி. துளை வாயில் சோளப்பொரி போல உறைந்த பிசின் உருண்டைகளோடு இன்னும் பச்சையாக நிற்கும் மரத்தைத்தான் வெட்டி அகற்ற வேண்டும். ஊசியிலை முழுக்கச் சிவந்த மரத்தை வெட்டிப் பயனில்லை. அதிலிருந்த வண்டுகள் பெரும்பாலும் அதற்குள் பறந்துபோயிருக்கும்.