ஒரு தாயின் வருமானத்தில் ஒரு வெளிநாட்டு விடுமுறை

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், எங்கள் நால்வரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



"வெளிநாடு" என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் மூன்று பொருள்கள்தான் உண்டு. போய் அங்கேயே இருந்துவிடுவது ஒன்று. இந்தியாவுக்குக் கோயில் கும்பிடப் போவது இன்னொன்று. மூன்றாவது, அண்ணன் மகளின் கலியாணத்துக்கு அவர்கள் விமானச்சீட்டு எடுத்து அனுப்ப, நாங்கள் பலகாரப் பெட்டியோடு போய் இறங்குவது. கணவன் துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் ஒருத்தி, தன் காசில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, சும்மா சந்தோஷத்துக்காக ஐந்து நாள் போய் வருவது என்பது அந்த அகராதியில் இல்லை. நாங்கள் அதைச் சொன்னபோது முதலில் வந்த கேள்வி, "அங்கே ஆர் இருக்கினம்?" இரண்டாவது கேள்வி, "திரும்பி வருவியளோ?" மூன்றாவது கேள்வியை எங்கள் முகத்துக்கு நேரே ஒருவரும் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து காதில் விழுந்தது.

நாங்கள் நால்வரும் ஒரே வருடம் சாதாரண தரம் எழுதியவர்கள். ஒருவர் கணவரை நோயில் இழந்தவர். ஒருவர் நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றவர். ஒருவர் பிரிந்து வாழ்கிறார், வழக்கு எதுவும் இல்லை. ஒருவரின் கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். எங்களில் இருவர் ஆசிரியைகள், ஒருவர் எழுதுவினைஞர், ஒருவர் வீட்டில் தையல் செய்கிறார். ஆக, கையில் காசு புரளும் கூட்டம் அல்ல.

நாங்கள் போனது சிங்கப்பூருக்கு. ஏன் அந்த ஊர் என்று பலர் கேட்டார்கள். இந்தியா கிட்ட, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் இந்தியா போனால் கோயிலும் புடைவைக்கடையுமாகவே நாட்கள் முடியும் என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கான பயணம் அதுவல்ல. சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டில் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா எடுக்கத் தேவையில்லை. போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும், அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையத்தளங்களும் இருக்கின்றன, அவற்றில் மாட்டுப்பட வேண்டாம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பெண்கள் பிள்ளைகளோடு வீதியில் நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கடைசிக் காரணத்துக்கு விலை போட முடியாது. விசா விதிகள் மாறக்கூடியவை, ஆதலால் காசு கட்ட முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

காசுக்கு முன்னால் கடதாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். எங்கள் நால்வருக்கும் இந்த ஒரு வரி நான்கு விதமான அலைச்சலாக இருந்தது. கணவர் இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழோடு அலுவல் முடிந்தது. விவாகரத்துப் பெற்றவரிடம் பிள்ளை யாருடைய பொறுப்பில் என்ற நீதிமன்றக் கட்டளை இருந்தது. பிரிந்து வாழ்பவருக்குத்தான் நீண்ட காலம் எடுத்தது. சட்டப்படி இன்னும் கணவர்தானே; அவருடைய கையொப்பம் வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்து, "பிள்ளைகள் ஐந்து நாளில் திரும்பி வருவார்கள்" என்று தேதிகளோடு எழுதிக் காட்டி, ஏழாவது மாதத்தில் கையொப்பம் வந்தது. அப்படி இருப்பவர்கள் பயணத்துக்கு ஒரு வருடம் முன்னதாகவே இந்த அலுவலைத் தொடங்குங்கள். கேட்கும் தொனியும் முக்கியம். பழைய கணக்குகளை அந்தக் கடிதத்தில் எழுதக்கூடாது.

நான்காமவர், கணவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க மாட்டேன் என்று இத்தனை வருடமும் இருந்தவர். எடுத்தால் அவர் இல்லை என்று தானே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்பது அவர் நியாயம். அதில் நாங்கள் வாய் திறப்பதில்லை. இறப்புப் பதிவு தொடர்பான 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, இறந்தவர் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி வந்தது. அவர் அதைப் பெற்றார். அதோடு அலுவலகம் கேட்ட மற்றக் கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்து, மகளுக்குக் கடவுச்சீட்டு எடுத்தார். தகப்பனைக் காணாமற்போனபோது வயிற்றில் இருந்த பிள்ளை அது. கடவுச்சீட்டுக்காக மட்டும் அந்தச் சான்றிதழை எடுக்கும்படி நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பது எங்களில் பலருக்கே தெரியாமல் இருந்தது, அதனால்தான் சொல்கிறோம்.

இந்தக் கடதாசிகளின் பிரதிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு கையில் கொண்டு போனோம். கட்டுநாயக்காவிலும் சாங்கியிலும் ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் கொண்டு போங்கள். கேட்கும் நாளில் வீட்டுக்கு ஓடி வந்து எடுக்க முடியாது. அரச சேவையில் இருப்பவர்கள் பாடசாலை விடுமுறையில் போனாலும் வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இனிக் காசு. 2022 தையில் நாங்கள் போட்ட கணக்கு, ஒரு தாய்க்கும் ஒரு பிள்ளைக்குமாக 300,000 ரூபாய். மாதம் 15,000 வீதம் 20 மாதம். பங்குனியில் ரூபாய் விழுந்தது. அன்றைக்கு 150 ரூபாய்க்குக் கிட்ட இருந்த சிங்கப்பூர் டொலர் எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டு சிங்கப்பூர்க் கணக்குப் பார்த்தவர்கள் இலங்கையிலேயே நாங்களாகத்தான் இருக்க வேண்டும். இருவர் நிறுத்திவிடுவோம் என்றனர். நான்கு மாதம் ஒருவரும் ஒரு சதமும் போடவில்லை. பிறகு 20 மாதத்தை 30 மாதமாக்கி, 450,000 ரூபாய் என்று கணக்கைத் திருத்தி, மீண்டும் தொடங்கினோம்.

சீட்டுப் பிடிக்கலாம் என்ற யோசனை முதலில் வந்தது. வேண்டாம் என்று விட்டோம். சீட்டுக்காசு முதலில் கைக்கு வருபவர் வீட்டில் அந்த மாதமே ஒரு கூரை ஒழுகும். ஆளுக்கொரு தனிச் சேமிப்புக் கணக்கு, ஏ.ரி.எம். அட்டை எடுக்காமல். போயா விடுமுறையில் ஒருவர் வீட்டில் கூடி, வங்கிப் புத்தகங்களை மேசையில் வைப்போம். அந்த மேசைதான் எங்களைக் காப்பாற்றியது. ஆசிரியைகள் ரியூஷன் வகுப்புக் காசைப் போட்டார்கள். தையல்காரர் மாதா மாதம் போட முடியாதவர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் காசை மொத்தமாகப் போட்டு மற்ற மாதங்களை ஈடு செய்தார். கடன் எடுப்பதில்லை, நகை அடகு வைப்பதில்லை என்பது முதல் நாளே பேசி முடித்த விஷயம்.

செலவு எப்படிப் பிரிந்தது என்று கேட்பவர்களுக்கு, 2024 டிசெம்பரில் முதலில் போன இருவரின் கொப்பியிலிருந்து சொல்கிறோம். தாயும் பத்து வயதுப் பிள்ளையும், நான்கு இரவு: விமானச்சீட்டு 190,000, அறைக்கு எங்கள் பங்கு 90,000, சாப்பாடும் ரயிலும் 50,000, நுழைவுச்சீட்டுகள் 35,000, கடவுச்சீட்டு, காப்புறுதி, கட்டுநாயக்காவுக்குப் பஸ் எல்லாமாக 35,000. மிகுதி 50,000 கைவைக்கக்கூடாத காசு. நீங்கள் போகும்போது இந்தத் தொகைகள் மாறியிருக்கும், பிரியும் விதம் பெரிதாக மாறாது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றுலா விலைகள் எல்லாமே கணவன் மனைவி என்ற சோடிக்குப் போடப்பட்டவை. பயண முகவர் தரும் விளம்பரத்தில் "ஒருவருக்கு" என்று இருக்கும் தொகை, ஓர் அறையை இரண்டு பெரியவர்கள் பகிர்ந்தால் வரும் தொகை. ஒரு தாயும் ஒரு பிள்ளையும் போனால், பிள்ளை அந்த அறையில் இரண்டாவது பெரியவராகிவிடும். பிள்ளைக் கட்டணம் என்ற சலுகை காற்றில் போய்விடும். "குடும்பச் சலுகை" என்றால் பெரும்பாலும் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை. எங்களை நாங்களே அந்தக் கணக்குக்குள் அடக்கிக்கொண்டோம்: இரண்டு தாய்மார் சேர்ந்து ஒரு குடும்ப அறை. டிசெம்பரில் இருவர், 2025 ஏப்ரலில் மற்ற இருவர். ஹோட்டலுக்கு எழுதி, இத்தனை பேர் தங்கலாம் என்ற பதிலைக் கையில் வைத்த பிறகே காசு கட்டினோம். அங்கே அறைக்கு இத்தனை பேர் என்பதில் கண்டிப்பு.

பிள்ளையின் வயதும் காசுதான். விமானத்தில் 12 வயது நிறைந்தால் முழுக் கட்டணம், அதுவும் பயணம் செய்யும் நாளில் உள்ள வயது. சில மலிவு விமானங்களில் சின்னப் பிள்ளைக்கும் குறைப்பதில்லை. பிள்ளை 11இல் இருந்தால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

இந்த உரை மலரில் அச்சாகும் என்று சொன்னார்கள். அப்படியானால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாசிக்கப்படும். அங்குள்ள எங்கள் சகோதரிகளிடம் ஒன்று கதைக்க வேண்டும். "நாங்கள் குளிரில் உழைத்து அனுப்புகிறோம், இவை சிங்கப்பூர் சுற்றுகினம்" என்று ஒரு குடும்பத்தில் சொல்லப்பட்டது. சொன்னவர் மீது கோபமில்லை. அவர் அனுப்பிய காசு பிள்ளையின் படிப்புக்கு வந்தது, படிப்புக்கே போனது. அதற்கும் தனிக் கொப்பி இருக்கிறது. ஆனால் உதவி பெறுகிறவள் சிரித்த முகத்தோடு படம் எடுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதுபோல் எங்களுக்குத் தோன்றியது. உங்கள் பிள்ளைகள் வருடா வருடம் விடுமுறைக்குப் போகிறார்கள், அது நல்லது. எங்கள் பிள்ளைகள் 30 மாதத்துக்கு ஒருமுறை போனதில் நீங்களும் மகிழ வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். படங்களை முதலில் ஒளித்து வைத்திருந்தோம். இப்போது மண்டபத்தின் பின்சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

பெரிய செலவு ஒன்றே ஒன்று வைத்தோம்: மிருகக்காட்சிச்சாலை. மற்றதெல்லாம் காசு கேட்காத இடங்கள். யுனெஸ்கோ 2015இல் உலக மரபுரிமையாக அறிவித்த தாவரவியல் பூங்கா, கடற்கரையோரத் தோட்டத்தில் இரவில் நடக்கும் ஒளிக்காட்சி, சாங்கி ஜூவலின் 40 மீற்றர் நீர்வீழ்ச்சி, மேர்லயன் சிலை. லிட்டில் இந்தியாவில் அறை எடுத்ததால் காலைத் தோசைக்கு வழி தேடவில்லை. கட்டோங் பக்கத்தில் சிலோன் ரோட் என்றே ஒரு வீதி இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் வளர்த்த செண்பக விநாயகர் கோயில். எங்கள் ஊர் "மலாயன் பென்சனியர்" தாத்தாமாரின் கதைகள் பிள்ளைகளுக்கு அங்கேதான் உண்மையாகின. சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சர் எஸ். இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றதும், தரம் பத்துப் பிள்ளை நம்பாமல் தொலைபேசியில் தேடிப் பார்த்தது.

ஒரே ஒரு பெரியவர் போகும்போது, அந்த ஒருவர் விழுந்தால் என்ன செய்வது? இதை யோசிக்காமல் புறப்படக்கூடாது. பிள்ளைகள் ஹோட்டலின் பெயரை மனப்பாடம் செய்தார்கள். அம்புலன்சுக்கு 995, பொலிசுக்கு 999 என்பதையும். ரயிற் கதவு பிரித்துவிட்டால், பிள்ளை அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும், அம்மா வருவா. இதை வீட்டு விறாந்தையில் கதிரைகளை வரிசையாக வைத்துப் பழக்கினோம். ஏப்ரல் பயணத்தில் இரண்டாம் இரவு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு தாய் அவனோடு வைத்தியரிடம் போக, மற்றத் தாய் மிச்சப் பிள்ளைகளோடு அறையில் இருந்தார். கைவைக்காத காசு அன்றைக்குக் கைவைக்கப்பட்டது. காப்புறுதிக்காரர் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து ஒரு பகுதியைப் பிறகு தந்தார்கள். சோடியாகப் போங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு அறை வாடகையைவிட இதுதான் பெரிய காரணம்.

திரும்பி வந்த பிறகு எங்கள் சங்கத்தில் இன்னும் மூன்று பேர் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மாதம் 15,000 முடியாது, 8,000தான் முடியும். அவருக்கு ஐந்து வருடக் கணக்குப் போட்டிருக்கிறோம். பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது, 12 ஆக முன் போய்விடலாம். அடுத்த போயாவுக்கும் புத்தகங்கள் மேசைக்கு வரும். சேர விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் எங்களைப் பிடியுங்கள். கடதாசிகளின் பட்டியலும் செலவுக் கொப்பியும் கொண்டு வந்திருக்கிறோம், பிரதி எடுத்துக்கொள்ளலாம்.