குளிர்ந்த கை, தளர்ந்த நாடி



அதிர்ச்சி என்றதும், துயரச் செய்தி கேட்டு மனங் கலங்கும் நிலையே நம் நினைவுக்கு வருகின்றது. வைத்தியர்கள் அச்சொல்லை வேறு பொருளில் வழங்குகின்றனர். உடலுறுப்புக்களுக்குப் போதிய குருதி சென்று சேராத நிலையே அவர்கள் கூறும் அதிர்ச்சி. மாரடைப்பினால் இருதயத் தசை பெரிதும் பழுதுற்று இந்நிலை தோன்றுமாயின், அதனை இருதய அதிர்ச்சி என்பர். மாரடைப்புக்கு உள்ளாகும் 100 பேரில் ஏறக்குறைய 5 முதல் 10 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். சிகிச்சை பெற்றும் அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் இறக்கின்றனர்.

இதன் கொடுமை யாதெனில், இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்வதாகும். துலாவில் நீர் இறைப்பவன் தன் தாகத்துக்கும் தான் இறைத்த நீரையே பருக வேண்டும். அவன் கை தளர்ந்தால் நீர் குறையும். நீர் குறைந்தால் அவன் மேலுந் தளர்வான். இருதயமும் அத்தகையதே. அது தளர, குருதியமுக்கம் வீழ்கின்றது. அமுக்கம் வீழ, இருதயத்துக்கே குருதியூட்டும் முடியுரு நாடிகளில் ஓட்டம் மேலுங் குன்றுகின்றது.

வீட்டிலுள்ளோர் இதனை எவ்வாறு அறிவது? நோயாளியின் கைகால்கள் குளிர்ந்து ஈரமாகும். முகம் வெளிறும். நாடித்துடிப்பு விரைந்து மெலியும். மூச்சு வாங்கும். சிறுநீர் குறையும். மயக்கமும் தடுமாற்றமும் தோன்றும். சிலர் பேச்சடங்கிச் சோர்ந்து கிடப்பர். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். "நோ தணிந்துவிட்டது, நித்திரை கொள்கிறார், எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடுகின்றனர். மூளைக்குக் குருதி குறைவதன் அறிகுறியை உறக்கமென்று எண்ணுதல் உயிருக்கு ஆபத்து. நீரிழிவுடையோருக்கும் முதியோருக்கும் நெஞ்சுநோ இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

வாய்வுக் கோளாறு என்று சோடாவும் இஞ்சித் தேநீரும் கொடுத்துக் காலங் கடத்தாதீர்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். மூச்சு வாங்கினால் சாய்த்து இருத்துங்கள். மயக்கம் வந்தால் படுக்க வையுங்கள். நெஞ்சுநோவுக்கு நாவின் கீழ் வைக்கும் மாத்திரை குருதியமுக்கத்தைக் குறைப்பது. உடல் குளிர்ந்து வியர்த்து மயங்குபவருக்கு அதனை வைத்திய ஆலோசனையின்றி வைத்தல் தீங்காகலாம். இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த இச்சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது.

வைத்தியசாலையில் மருந்துகளால் குருதியமுக்கத்தைத் தாங்கிப் பிடிப்பர். ஆயினும் மருந்து அவகாசத்தைத் தருமேயன்றி அடைப்பை நீக்காது. அடைபட்ட நாடியைத் திறப்பதே தலையாய பணி. மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை விரித்து 'ஸ்டென்ட்' வைப்பர். சிலருக்குச் சத்திர சிகிச்சை வேண்டியதாகும். 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 302 நோயாளர் சேர்க்கப்பட்டனர். முதலில் மருந்துகளாற் பேணப்பட்டவர்களுள் 100க்கு 63 பேர் ஆறு மாதத்துள் இறந்தனர்; விரைவில் நாடி திறக்கப்பட்டவர்களுள் இறந்தோர் 100க்கு 50 பேர். இருதயத்தினுள் வைக்கும் சிறு பம்பியொன்று, தேர்ந்தெடுத்த சில நோயாளர்க்கு உயிர் காக்க உதவுமென 2024ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. எனினும் அதனாற் குருதிப்பெருக்கு முதலிய இடர்களும் மிகுந்தன.

மாரடைப்புத் தொடங்கிச் சில மணி நேரஞ் சென்ற பின்னரே பலருக்கு இவ்வதிர்ச்சி தோன்றுகின்றது. ஆதலின், நெஞ்சில் நோவோ இறுக்கமோ கண்டவுடனேயே வைத்தியசாலையை நாடுவோர்க்கு, இருதயத் தசை பெரிதும் அழியுமுன் நாடியைத் திறக்கும் வாய்ப்புக் கிட்டும். விடியட்டும், பார்ப்போம் என்று இரவைக் கழிப்போர் அவ்வாய்ப்பை இழக்கின்றனர். உங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்நோ வந்தால், எந்த வேளையாயினும் தாமதியாதீர்கள்.