சருகைத் தின்னும் வெயில்

சருகு எப்படி மக்குகிறது என்று கேட்டால், ஈரமும் பூஞ்சையும் கரையானும் என்போம். சரிதான். ஆனால் டெல்லியில் மார்ச், ஏப்ரலில் வேம்பு இலையைக் கொட்டுகிறது. பருவமழை வருவதற்குள் ஜூன் கடைசி ஆகிவிடுகிறது. அதுவரை ரிட்ஜ் காட்டில் அந்தச் சருகு சும்மாவா கிடக்கிறது?

இல்லை. வெயில் அதைத் தின்கிறது.

ஆரவல்லி மலைத்தொடர் வந்து முடிகிற இடம் இந்த ரிட்ஜ். அங்கே பாறைமேல் விழுந்த வேப்பிலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிறம் வெளுத்திருக்கும், விரலால் நசுக்கினால் பொடியாகும். புதர் நிழலில் கிடந்த இலையோ பழுப்பு மாறாமல், வளைத்தால் வளையும்.

இலைக்கு விறைப்பைத் தருவது லிக்னின். நுண்ணுயிர்களுக்கு எளிதில் செரிக்காத பொருள் அது. புற ஊதாக்கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் நீல, பச்சை ஒளியையும் லிக்னின் உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சியே உடைந்துபோகும். ஒரு பங்கு கரியமில வாயுவாக நேரே காற்றில் கலந்துவிடும். மீதி, மழை வரும்போது சுவர் இடிந்த வீடுபோலத் திறந்து கிடக்கும். உள்ளே இருக்கும் செல்லுலோஸைப் பூஞ்சை எளிதாகத் தொட்டுவிடும்.

அர்ஜென்டினாவின் பாட்டகோனியாப் புல்வெளியில் ஏமி ஆஸ்டின், லூசியா விவான்கோ என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2006-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வெயிலை மறைத்தபோது சருகு சிதைவது 60 விழுக்காடு குறைந்தது. மண்ணின் நுண்ணுயிர்களை அடக்கியபோது சொல்லும்படியான மாற்றமே இல்லை! அடர்ந்த மழைக்காட்டில் கதை வேறு. அங்கே தரைக்கு வெயில் இறங்குவதே அரிது. ரிட்ஜின் திறந்த பாறைகளில் அந்தத் தடையில்லை.

ஒளி மேல் அடுக்கோடு நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முழங்கால் உயரம் குவித்தால் அடியில் கிடக்கும் சருகுக்கு வெயிலும் இல்லை, கோடையில் ஈரமும் இல்லை. அப்புறம் யாராவது தீக்குச்சி கிழிப்பார்கள். திறந்தவெளியில் சருகையும் குப்பையையும் எரிக்கக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே தோட்டமோ குடியிருப்புப் பூங்காவோ, பெருக்கிய சருகை மரத்தடியில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். உரக்குழியில் போடுவதானால் தண்ணீர் தெளியுங்கள்.