சரியா சொன்னா மட்டும் போதுமா?

"மீட்டிங்ல நான் சொல்றது சரிதான், ஆனா யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க." இந்தப் புலம்பல் நம்ம எல்லாருக்கும் உண்டு. இன்னைக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கால் பத்திச் சொல்றேன்.

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் காலை அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். அதன் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தையோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிர் அதிகம், ஏவ வேண்டாம் என்று நாசாவிடம் வாதாடினார்கள். ராக்கெட் இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் தடுப்பது 'ஓ-ரிங்' என்கிற ரப்பர் வளையம். குளிரில் அது இறுகிப்போகும். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 செல்சியஸுக்குக் கீழே, ஏவக் கூடாது என்றார்கள்.

அவங்க சொன்னது சரி. ஆனா எங்க சறுக்கிச்சு? 53 டிகிரியில் கிளம்பிய பயணத்தில்தான் பாதிப்பு மோசம் என்று காட்டினார்கள். "75 டிகிரியிலயும் பாதிப்பு வந்திருக்கே?" என்ற கேள்வி வந்தது. அதை உடைக்கிற மாதிரி எதுவும் கையில் இல்லை. கடைசியில் அவர்களுடைய மேலாளர்களே முடிவை மாற்றினார்கள். மறுநாள், கிளம்பிய 73 விநாடியில் விண்ணோடம் சிதறியது; அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள்.

விசாரணைக் குழு அப்புறம் ஒரு வேலை செய்தது. பாதிப்பு வந்த பயணங்களோடு, வராத பயணங்களையும் சேர்த்து வரிசைப்படுத்தியது. 66 டிகிரி அல்லது அதற்கு மேல் 20 பயணம். மூன்றில் மட்டும் பாதிப்பு. 65க்குக் கீழே 4 பயணம், நான்கிலும் பாதிப்பு! இந்த ஒரு படம் அன்னைக்கு ராத்திரி அந்த மேசையில இல்லை.

இதை நம்ம ஆபீஸுக்குக் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வேண்டாம்னு சொல்லப் போறீங்க. சொதப்பின வெள்ளிக்கிழமைகளை மட்டும் காட்டினா, "செவ்வாய்க்கிழமையும்தான் சொதப்பிச்சு"ன்னு ஒருத்தர் சொல்வார். அதோட உங்க வாதம் காலி. ஒழுங்காப் போன ரிலீஸ்களையும் சேர்த்து, நாள் வாரியா எண்ணிக் காட்டுங்க. எதிர்க்கேள்வி என்ன வரும்னு முதல் நாளே எழுதிப் பாருங்க.

முடிஞ்சா கண்ணால பார்க்க வைங்க. அந்தக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், கேமரா முன்னால் ரப்பர் துண்டை இறுக்கிப் பிடித்து ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். பிடியைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. அதுக்கு மேல விளக்கம் தேவைப்படலை.

ஒண்ணு மட்டும் மறக்க வேண்டாம். அந்த ஏழு உயிருக்கு, எச்சரித்த பொறியாளர்கள் பொறுப்பில்லை. கேட்டும் கேட்காமல் முடிவெடுத்தவர்கள்தான் பொறுப்பு. நாளைக்கு நீங்களும் டீம் லீட் ஆவீங்க. ஜூனியர் ஒருத்தர் தயங்கித் தயங்கி "வேண்டாம்"னு சொன்னா, ஸ்லைடு சரியில்லைன்னு தள்ளிடாதீங்க. "ஏன் அப்படித் தோணுது?"ன்னு ஒரு தடவை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.