வயிற்றில் மருந்து வைத்தது யார்?

(அம்பத்தூரில் நடந்த கூட்டத்தில் ஓர் இளந்தொழிலாளி பேசியது)



நான் மேடைப் பேச்சில் பழகியவன் அல்ல. இவ்வூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவன். வயது 22. தலைவர் அவர்கள் என்னைப் பேசச் சொன்னது எனது அறிவைக் கருதி அல்ல. எனது வியாதியைக் கருதியே ஆகும். ஆகவே மலத்தைப் பற்றியும், அதில் போன இரத்தத்தைப் பற்றியும்தான் பேசப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக் கொள்ளலாம். நானும் அப்படிச் சுளித்தவன்தான். அந்தச் சுளிப்பே என்னைப் பாதி கொன்று விட்டது.

இரண்டு வருஷத்திற்கு முன் எனக்கு மலத்தோடு இரத்தமும் சளியும் போக ஆரம்பித்தது. தினம் மூன்று தடவை, பிறகு ஆறு, பிறகு பத்து. பட்டறையில் மேஸ்திரி கேட்டால் "தண்ணீர் தாகம்" என்று பொய் சொல்லி விட்டு ஓடுவேன். வீட்டில் மூன்று மாதம் மூச்சு விடவில்லை. ரயிலடிச் சுவரில் "மூலம், பவுத்திரம்" என்று ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து அங்கே போனேன். என்னைத் தொட்டுக் கூடப் பாராமல் மூல வியாதி என்று சொல்லி, பொட்டலம் கொடுத்துப் பணம் வாங்கிக் கொண்டார்கள். இரத்தம் நிற்கவில்லை.

பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. பாட்டி பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமத்தவர். "பிள்ளைக்கு யாரோ சோற்றில் மருந்து வைத்து விட்டார்கள்" என்றார். மருந்து எடுக்கிறவன் ஒருவனிடம் கூட்டிப் போனார்கள். அவன் என் வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, மயிரும் பிசினுமாய் ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டி, "வெளியிலிருந்து வீட்டுக்கு வந்த பெண் வைத்தது" என்றான். கூலி 3,000 ரூபாய்.

தோழர்களே! எங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த பெண் என் அண்ணி ஒருவர்தான். நான் சோறு இறங்காமல் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி ஊற்றியவரும் அவர்தான். அன்று முதல் அவர் தொட்ட பாத்திரத்தை என் தாயார் தொடவில்லை. அவர் கொடுத்த தண்ணீரை நானே கீழே ஊற்றினேன். இதை வெட்கத்தோடு சொல்லுகிறேன். ஐந்து மாதம் அவர் அந்த வீட்டில் விஷக்காரியாக வாழ்ந்தார். அந்த ஐந்து மாதத்தில் 58 கிலோ இருந்த நான் 44 கிலோவானேன்.

ஒரு நாள் காலை ரயிலடியில் மயங்கி விழுந்தேன். தகவல் கேட்டு ஓடி வந்து, என்னைச் சென்னையிலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அதே அண்ணிதான்.

அங்கே ஒரு பெண் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளை அதுவரை யாரும் கேட்டதில்லை. "தினம் எத்தனை தடவை? இரவில் எழுப்புகிறதா? இரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, மேலே சொட்டுகிறதா? காய்ச்சல் உண்டா?" என்று கூச்சமில்லாமல் கேட்டார். இரத்தம் பார்த்தார்கள். மலத்தில் அமீபாக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். குடலில் காசநோயாக இருக்கலாமோ என்றும் பார்த்தார்கள். நம் நாட்டில் அந்த இரண்டும் இந்த வியாதியைப் போலவே வேஷம் போடுமாம். கிருமியிருக்கும்போது வீக்கத்தை அடக்கும் ஸ்டிராய்டு மருந்தை மட்டும் கொடுத்து விட்டால் ஆளையே கொண்டு போய்விடக் கூடுமாம். பிறகு பேதி மருந்தைக் குடம் குடமாகக் குடிக்கச் செய்து, குடலைக் கழுவி, விளக்கு வைத்த மெல்லிய குழாயைப் பின்வழியாக விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதையும் கிள்ளிப் பரிசோதித்தார்கள்.

ஒன்பதாம் நாள் பெயர் சொன்னார்கள்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதாவது பெருங்குடலின் உட்புறம் வீங்கிப் புண்ணாகும் வியாதி. என் தாயார் உடனே, "யார் வைத்தது அம்மா?" என்று கேட்டார். டாக்டர், "யாரும் வைக்கவில்லை அம்மா. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தன் குடலைத் தாக்குகிறது. அது ஏன் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை என்பது உலகத்தில் இன்னும் முழுதும் தெரியவில்லை" என்றார்.

தோழர்களே! ஒன்பது நாள் பரீட்சை செய்தவர் "முழுதும் தெரியவில்லை" என்கிறார். ஐந்து நிமிஷம் உறிஞ்சியவன் குற்றவாளியையே காட்டிக் கொடுத்து விட்டான்! இதில் யாரை நம்புவது? தின்ற சோறு சில நாளில் வெளியே போய்விடும்போது, உருண்டை மட்டும் மாதக்கணக்கில் எப்படித் தங்கும்? தங்கியதென்றே வைத்துக் கொள்ளுங்கள். வயிற்றிலிருந்து குழாய்க்கு வர, தோலில் ஒரு ஊசித் துவாரமாவது வேண்டாமா? இதைக் கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இது நம் பாட்டிமார்களின் தவறு மாத்திரமென்று நினைக்காதீர்கள். 1859-ம் வருஷத்தில் லண்டனுக்கு அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பாங்க்ஸ் என்ற பெண்மணி வாந்தியும் பேதியுமாய்க் கிடந்து இறந்தார். அவரோடு வாழ்ந்த தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற வைத்தியர் விஷம் வைத்தார் என்று வழக்கு நடந்தது. ஒரு புட்டியில் பாஷாணம் கண்டதாகச் சொன்ன டெய்லர் என்ற பேர்போன நிபுணர், அது தாம் பரீட்சைக்கு உபயோகித்த செம்பிலிருந்தே வந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பெரிய ஆட்சேபணை கிளம்பியபின் மன்னிப்புக் கிடைத்தது. அவர் யோக்கியர் என்று சொல்ல நான் வரவில்லை. முதல் மனைவி இருக்க இரண்டாம் கலியாணம் செய்ததற்காக ஒரு வருஷம் ஜெயிலுக்குப் போனார். ஆனால் அந்த அம்மையாரின் குடலைப் பரிசோதித்த சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர் அதில் கண்ட வீக்கத்தையும் புண்களையும் எழுதி வைத்தார். என் வியாதியின் பெயர் வைத்திய நூல்களில் ஏறியதற்கு அந்த எழுத்தே துவக்கம் என்கிறார்கள்.

அங்கே கோர்ட்டு இருந்தது, குறுக்கு விசாரணை இருந்தது, தவறை ஒப்புக்கொள்ள ஒரு நிபுணராவது இருந்தார். என் அண்ணிக்கு எந்தக் கோர்ட்டு இருந்தது? எத்தனை வீடுகளில் எத்தனை மருமகள்கள் இப்படித் தீர்ப்புப் பெற்றார்களோ, யோசித்துப் பாருங்கள்.

முன்வினைப் பயன் என்றும் சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஜப்பானில் பிரதமராயிருந்த ஷின்சோ அபே இதே வியாதியால் 2007-லும் 2020-லும் பதவியை விட்டார். அவருக்கு எந்த மாமியார் மருந்து வைத்தார்? இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது.

நிற்க, இப்போது எனக்கு என்ன வைத்தியம் என்று கேட்பீர்கள். வீக்கத்தை அடக்க ஸ்டிராய்டு கொடுத்து, அதைத் திடீரென்று நிறுத்தாமல் வாரா வாரம் குறைத்தார்கள். மெசலமைன் மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். வியாதி அடங்கியிருக்கிறதே ஒழிய அற்றுப் போகவில்லை. இதற்கு அடங்காதவர்களுக்கு வேறு மருந்துகளும், முடிவில் பெருங்குடலை எடுத்து விடும் ஆபரேஷனும் உண்டு. வியாதி கண்டு சுமார் 8 வருஷமான பிறகு, குடலில் புற்று தலையெடுக்கிறதா என்று குறிப்பிட்ட காலந்தோறும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். "ஒரே மாதத்தில் வேரோடு தீர்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் வாரம் இரத்தம் திரும்பி வந்தது. அந்தப் பாடத்துக்கும் நான்தான் சம்பளம் கட்டினேன்.

ஆகவே தோழர்களே! மலத்தில் இரத்தம் கண்டால், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் பேதி நின்றபாடில்லையென்றால், வெட்கத்தைக் கழற்றி வைத்து விட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "தெரியாது" என்று சொல்லக்கூடிய வைத்தியரிடம் போங்கள். தெரியாத இடத்தில் விதியையோ, தெய்வத்தையோ, வீட்டுக்கு வந்த பெண்ணையோ நிரப்பாதீர்கள்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் தாயார் அண்ணியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கக் குடித்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நான் அதைச் சொல்லி விட்டேன். அண்ணி, "மாத்திரையை ஒழுங்காகப் போடு தம்பி, அது போதும்" என்றார். இதோ, இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். என்னால் ஒரு வீட்டுக்குள் கெட்ட அவர் பெயரை நாலு பேர் அறியத் திருப்பிக் கொடுக்கவே நான் இங்கு பேச ஒப்புக்கொண்டேன்.